அப்பாவின் குரலுக்கு நூற்றிருபது வோல்ட்

இங்கே சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டுக்கு சுவிட்ச் கிடையாது. ஒஹாயோவுக்கு வந்த புதிதில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகிவிட்டு, என் கட்டைவிரல் அதுபாட்டுக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருக்கும். சுவிட்ச் இல்லை என்று தெரிந்த பிறகும் பல மாதங்கள் தடவியது. ஊரில் நாம் சுவிட்சைப் போட்டால்தான் கரண்ட் வரும், அதுவும் அதற்கு மனமிருந்தால். இங்கே அது எப்போதும் சுவருக்குப் பின்னால் தயாராக நிற்கிறது. ஆனால் நம் ஊர்க் கரண்ட்டில் ஏறக்குறைய பாதி வேகம்தான். அங்கே இருநூற்று முப்பது வோல்ட், இங்கே நூற்றிருபது. இங்கே வந்த நம்மவர் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஆளாளுக்கு எதையாவது ஊருக்கு எடுத்துப்போய் எரித்துவிட்டுத் திரும்புகிறோம். என் கணவரின் நண்பர் பெருங்களத்தூரில் அண்ணன் வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டரைப் புகைய வைத்த கதையை விருந்துக்கு விருந்து சொல்வார். எல்லாரும் சிரிப்போம். என் கதையை நான் அங்கே சொன்னதில்லை. நான் எடுத்துப்போனது என் அப்பாவின் குரல்.

அப்பா தாம்பரம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். எண்பதுகளில் கடற்கரைக்கு மின்சார ரயில் ஏறியவர்கள் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். கண்ணாடி போட்ட சின்ன அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவர் ஆரம்பித்தால் ஓடுகிற கூட்டம்கூட ஒரு நொடி தயங்கும். நானும் தங்கை சாந்தியும் கல்லூரிக்குப் போக பிளாட்பாரத்தில் நிற்கும்போது தோழிகளிடம், அது எங்கப்பா என்போம். அதிலேயே எங்களுக்குள் போட்டி வந்துவிடும், முதலில் யார் சொல்வது என்று. அம்மா நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே இறந்துவிட்டதால் அப்பாதான் எங்களுக்கு எல்லாம். பங்கு போட இருந்தது ஒரே ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசித்துவிட்டு வந்து எங்கள் பெஞ்சில் உட்காரும்போது அவர் யார் பக்கம் உட்காருகிறார் என்று நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டே கவனிப்போம்.

எண்பத்தொன்பதில் எனக்குக் கல்யாணமாகி நான் இங்கே வந்துவிட்டேன். சாந்திக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்தது. சாமுவேல், பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாந்தி பள்ளிக்கூடத்தில் டீச்சர். சேலையூரில் அப்பா கட்டிய வீட்டிலேயே அவர்கள் குடியிருந்தார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் ஒன்றுமில்லை என்றுதான் எல்லாருக்கும் எழுதினேன். அப்பாவின் தொண்டையில் புற்று என்று தெரிந்தபோது நான் பிரசவத்துக்குக் காத்திருந்தேன், விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் எஸ்டிடி பூத்திலிருந்து அவர் என்னோடு பேசியது கரகரப்பாகவும் பாதி பாதியாகவும் வந்தது, நடுவில் லைன் அறுந்துபோனது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் சாந்தியிடம் என்ன பேசினார் என்று பிறகு கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டாராம். அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் சொந்தக் குரலில் வந்த கடைசி வார்த்தை சாந்தியிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. இந்த நினைப்பு நான் பாத்திரம் கழுவும்போதும் காரை ஓட்டும்போதும் கூடவே வந்தது. ஊரிலிருப்பவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்று சொல்வார்கள். நான் பட்ட பொறாமையை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

நான் வேலை செய்யும் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற கேரல் என்ற பெண்மணிதான் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னாள். டார்ச் லைட் அளவில் இருக்கும். தாடைக்குக் கீழே, கழுத்தில் அழுத்திப் பொத்தானைப் பிடித்தால் அதிர்கிறது. வாயசைத்தால் அந்த அதிர்வு பேச்சாக வெளியே வருகிறது. ஏற்ற இறக்கம் இல்லாமல், தகர டப்பாவுக்குள் வண்டு பேசுவது மாதிரி. ஆனாலும் பேச்சு. உள்ளே சார்ஜ் செய்கிற பேட்டரி, கூடுதலாக இன்னொரு பேட்டரி, சுவரில் மாட்டும் சார்ஜர். அப்பாவின் முதல் வார்த்தையை டேப்பில் பிடித்துக்கொண்டு வா, எனக்குக் கேட்க வேண்டும் என்றாள் கேரல். அந்த முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எஸ்தர் என்று என் பெயரைத்தான் சொல்வார். பின்னே, கடல் கடந்து அதைக் கொண்டுபோகிறவள் நான்தானே?

சார்ஜரின் முதுகில் நூற்றிருபது வோல்ட் என்று எழுதியிருந்தது. அப்படியே சொருகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கடைவீதியில் எலக்ட்ரானிக் சாமான் கடைக்குப் போய், இந்தியாவில் இதைச் சார்ஜ் செய்ய ஏதாவது வேண்டும் என்றேன். கடைக்காரர் சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இந்தியானாவில் எதுவும் வேண்டாம்மா. அங்கேயும் நம்ம கரண்ட்தான்' என்றார். பக்கத்து மாநிலத்துக்கு எதற்கு இவ்வளவு கவலை என்று அவருக்கு ஆச்சரியம். இந்தியானா இல்லை, இந்தியா என்று நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். என்ன கருவிக்கு என்று அவர் கேட்டார். என் அப்பாவின் குரலுக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, மிகவும் மரியாதையாகத் தலையசைத்து, உள்ளங்கையில் அடங்குகிற கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எடையே இல்லை. பெட்டியில் உலக வரைபடம் போட்டிருந்தது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கருவியோடு சேர்த்துத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து, குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் மீனம்பாக்கத்தில் இறங்கியபோது அப்பா வந்திருந்தார். கழுத்தில் சின்னதாக ஒரு துணி கட்டியிருந்தார். அந்தத் துணிக்குக் கீழேதான் மூச்சு விடுகிற துளை. என்னைப் பார்த்து வாயசைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற சாந்தி சொன்னாள், நான் இளைத்துவிட்டதாகச் சொல்கிறாராம். ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் போகும்போதும் அப்படித்தான். அப்பா திரும்பிப் பார்த்து எதையோ சொல்வார், நான் சாந்தியைப் பார்ப்பேன், சாந்தி எனக்குச் சொல்வாள். சொந்த அப்பாவிடம் பேச எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் என் தங்கையாக இருந்தாள்.

வீட்டுக்குப் போய்க் குளித்ததும் முதல் வேலையாகக் கன்வெர்ட்டரை மாட்டி, அதில் சார்ஜரை மாட்டினேன். சார்ஜர் கொஞ்சம் சூடானது. சார்ஜ் ஏறும்போது சூடாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அப்பாவை ஹாலில் உட்காரவைத்து, கருவியை எங்கே அழுத்த வேண்டும் என்று கேரல் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிக்கொடுத்தேன். டேப் ரிக்கார்டரை ஓடவிட்டேன். சாமுவேல் பேப்பரை மடித்து வைத்தார். அப்பா இரண்டு மூன்று முறை இடம் மாற்றி மாற்றி அழுத்தினார். வெறும் ரீங்காரம் வந்தது. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"சாந்தி, மோட்டார் போட்டியா?"

தெளிவாகக் கேட்டது. தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டதா என்பதுதான் அவருடைய கவலை. சாந்தி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள், கையிலிருந்த கரண்டியோடு நின்று அழுதாள். சாமுவேல் கைதட்டினார். நானும் சிரித்தேன், கைதட்டினேன். சுங்கத்தில் அந்தக் கருவியைப் பிரித்துக் காட்டி, விளக்கி, இரண்டு விமானம் மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான். முதலில் வந்த பெயர் அவளுடையது. அப்பா அடுத்து என்னைப் பார்த்து, 'நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு' என்று அந்த வண்டுக் குரலில் சொன்னார். அது எனக்கு இரண்டாவதாகத்தான் கேட்டது.

அடுத்த நாட்களில் நான் ஒன்று கவனித்தேன். அப்பா கருவியை எடுப்பது என்னோடு பேசத்தான். சாந்தியோடு அவருக்கு அது தேவைப்படவில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் தம்ளரை மேஜையில் ஒரு தட்டு தட்டுவார், அவள் திரும்புவாள், உதட்டைப் பார்ப்பாள், பதில் சொல்வாள். சில சமயம் வாயைக்கூட அசைக்கமாட்டார், புருவம் போதும். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் மீன்கார அம்மாவுக்குக்கூட அவர் விரலைப் பார்த்தே வேண்டியது தெரிந்தது. அவரிடம் பெருமையாகக் கருவியைக் காட்டி அப்பாவைப் பேசவைத்தேன். அந்த அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இன்னா சார், கழுத்துல ரேடியோ வெச்சிகினு கீற? இது இல்லாமயே நீ சொல்றது எனக்குப் புரியுமே."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க எனக்கு அந்தச் சங்கரா மீன் இறங்கவில்லை. மீன்காரம்மாவுக்குப் புரிகிற என் அப்பா எனக்குப் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நானே வாயசைத்துப் பழகிப் பார்த்தேன். அப்பா பேசும்போது கருவியை மீறி அவர் உதட்டையே பார்த்தேன். பணம் என்பதும் மணம் என்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு வருவது, லீவில் வந்தவளுக்கு வருமா?

நான் ஒஹாயோவுக்குத் திரும்ப இன்னும் சில நாட்கள் இருக்கும்போது அது நடந்தது. மத்தியான வேளை. கரண்ட் போய் வந்திருந்தது. நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. உள்ளே ஓடினால், அப்பாவின் அறையில் சாந்தி சுவர் ஓரமாக நிற்கிறாள். சுவிட்ச் போர்டில் பழுப்பாக ஒரு தீற்றல். தரையில் சார்ஜர், ஒரு பக்கம் உருகி உள்வாங்கிக் கிடந்தது. அதற்குள் இருந்த கூடுதல் பேட்டரி உப்பியிருந்தது. கன்வெர்ட்டரைக் காணவில்லை. எந்தப் பின்னையும் ஏற்றுக்கொள்கிற மல்டி பிளக் ஒன்று அந்த வீட்டில் உண்டு, அது போர்டிலேயே இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது.

"நேரா சொருகினியா?" என்றேன்.

அவள் தரையில் கிடந்த சார்ஜரைப் பார்த்தாள்.

"கன்வெர்ட்டர் இல்லாம சொருகாதன்னு எத்தன வாட்டி சொன்னேன்? தெரியாம செஞ்சியா, வேணும்னே செஞ்சியா சாந்தி?"

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வேகவேகமாக வாயசைத்தார், கையை ஆட்டினார். எனக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று சாந்தியிடம்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. சாந்தி இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நீ வர்றன்னா அப்பா மொத நாளே ஷேவ் பண்ணிக்கிறாரு. நீ அனுப்பின சட்டையத்தான் சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போறாரு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் உன் போட்டோவத்தான் காட்றாரு. அதெல்லாம் நான் கேக்கல. அவரு வாயப் பாத்துப் புரிஞ்சிக்கிறது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்தது. அதையும் இனிமே எல்லாருக்கும் ஆக்கிட்டு நீ ஊருக்குப் போயிடுவ. ஆனா நான் அத எரிக்கலக்கா."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. என்னிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது, ஒரு போட்டோவும் ஒரு சட்டையும். ஆனாலும் நான் அவளை நம்பவில்லை. உருகிய சார்ஜரைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் கட்டிலுக்கு அடியில் கன்வெர்ட்டர் கிடப்பதைப் பார்த்தேன். இழுத்து எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. கருகல் நாற்றம் அதிலிருந்தும் வந்தது. சார்ஜர் அதில்தான் மாட்டியிருந்திருக்கிறது. பிடுங்கிய வேகத்தில் இரண்டும் கழன்று ஆளுக்கொரு பக்கம் தெறித்திருக்கின்றன. கன்வெர்ட்டரைத் திருப்பினேன். முதுகில் கடுகு மாதிரி எழுத்து. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். இஸ்திரிப் பெட்டி, தலைமுடி உலர்த்தும் கருவி போன்றவற்றுக்கு மட்டும். மின்னணுச் சாதனங்களுக்கும் பேட்டரி சார்ஜர்களுக்கும் பயன்படுத்தக் கூடாது. தொடர்ந்து மாட்டி வைக்கக் கூடாது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கருவிக்குள் இருந்த பேட்டரியில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது. அது தீர்ந்தால் அப்பாவுக்குப் பேச்சில்லை. இங்கே திரும்பிவந்து நான் வேறு சார்ஜர் அனுப்பும்வரை இல்லை. அந்த மிச்சத்தை எனக்காக வைத்திருப்பார், விமானம் ஏறும்போது ஏதாவது சொல்லி அனுப்புவார் என்று, அப்போதும், என் புத்தி போனது.

அப்பா அறையிலிருந்து வந்தார். கையில் கருவி. என்னைப் பார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். சமையலறை வாசலில் நின்று கழுத்தில் அதை அழுத்தினார். சாந்தி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"கை எரியுதா?"

ஹாலிலிருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவர் அதைச் சொன்னார். சாந்தியிடம் கேட்க அவருக்குக் கருவி எதற்கு? அவள் முகத்துக்கு நேராகத்தான் நின்றார், ஒரு வாயசைப்பு போதும். 'சுவத்துலருந்து நீதான் புடுங்கின. இல்லன்னா ஜன்னல் ஸ்க்ரீன் பத்தியிருக்கும்' என்றார் அடுத்து. அதையும் அவளைப் பார்த்தே சொன்னார், அவளுக்குத் தெரியாததைச் சொல்வது போல. பாதியில் ரீங்காரம் மெலிந்து, கடைசி வார்த்தை உள்ளுக்குள்ளேயே அமுங்கிப்போனது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

நான் எழுந்து போய்ச் சாந்தியின் கையைக் குழாயடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வலது கையில் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம். ஏன்டி சொல்லல என்று கேட்டேன். நீ கேக்கலையே என்றாள். அழுதோம், அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேருமே சொல்லவில்லை. அப்பா நடுவில் நின்று தன் வேட்டி நுனியால் அவள் கையைத் துடைத்தார். என் தோளில் இன்னொரு கையை வைத்தார். இரண்டு கைகளில் எது எனக்கு வந்தது என்று அப்போதும் நான் கவனித்தேன். இது மாறாத நோய்.

இங்கே திரும்பி வந்ததும் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், நீங்களும் நாளைக்கு எதையாவது மடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவீர்கள். முதலில் சார்ஜரின் முதுகைப் படியுங்கள். இப்போது வருகிற சிலவற்றில் நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் என்று போட்டிருக்கிறது. அதற்கு அந்தந்த ஊர்ச் சுவரில் பொருந்துகிற பிளக் மட்டும் போதும், எந்த ஊரிலும் வேலை செய்யும். நூற்றிருபது மட்டும் போட்டிருந்தால், இரும்பும் செம்புக் கம்பியும் சுற்றிய கனமான டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும், சார்ஜருக்கு எவ்வளவு வாட் என்று பார்த்து அதைவிடக் கூடுதலாகத் தாங்குவதாக. கைக்கு லேசாக இருக்கிற கன்வெர்ட்டர் சூடு கிளப்பும் சாமான்களுக்கு, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. கரண்ட் போனால் பிடுங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது அது எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. கைபொறுக்காத சூடு இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நான் சொல்லிக்கொண்டேன்.

கேரல் டேப்பைக் கேட்டாள். மோட்டார் போட்டியா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, முதலில் வருகிற அந்தப் பெயர், சாந்தி, அது வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற பெயரா என்றாள். ஆமாம் என்று தலையசைத்தேன். எவ்வளவு அழகு என்றாள். புது சார்ஜரை அவளே வரவழைத்துக் கொடுத்தாள். சாமுவேல் ஊரிலேயே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவைத்தார். ஒருநாள் கடிதம் வந்தது, அப்பா பேசுகிறார் என்று.

இப்போது அந்த வீட்டில் போன் வந்துவிட்டது. இங்கே சனிக்கிழமை ராத்திரி, அங்கே ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்புமுன் நான் கூப்பிடுவேன். அப்பா எடுப்பார். வண்டுக் குரலில் எஸ்தர் என்பார். குழந்தை என்ன செய்கிறது, பனி விழுகிறதா என்பார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். கருவியை அவர் போன் பக்கத்திலேயே வைத்திருக்கிறாராம், வீட்டில் வேறு எதற்கும் எடுப்பதில்லையாம், சாந்திதான் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தமா பெருமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அப்படியானால் நான் கொண்டுபோன அந்தக் குரல் முழுக்க முழுக்க எனக்குத்தான். சந்தோஷமாக இருக்க வேண்டும்.

போன வாரம் பேசி முடித்துவிட்டுக் கருவியைக் கீழே வைத்தார். மேஜையில் அது டொக்கென்று உட்காரும் சத்தம் கேட்டது. ஆனால் போனை வைக்க மறந்துவிட்டார். நான் வைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலி நகர்ந்தது. தூரத்தில் மின்சார ரயிலின் ஹார்ன். பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத இடத்தில் அப்பா எதையோ சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் சாந்தி சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள், 'போங்கப்பா' என்றாள். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னார் என்று தெரியாமல், இங்கே ஒஹாயோவில், நானும் சிரித்தேன்.